மூணு நாள்ல புத்தம் புதுசா? போங்கய்யா...

போன வாரம் ஆணி புடுங்கிட்டு இருந்த நேரத்துல நண்பர் ஒருத்தர் வீடியோ அனுப்பியிருந்தார். பழைய இரும்பு சைக்கிள். முதல் நொடியில துருப்பிடிச்ச எலும்புக்கூடு. பின்னணியில தபேலா. கிரைண்டர், தீப்பொறி, ஸ்ப்ரே டப்பா. நாலாவது நிமிஷம் கறுப்பா பளபளன்னு ஒரு சைக்கிள். "மூணே நாள், வீட்டிலேயே செய்யலாம்". கீழ ஆயிரக்கணக்குல ஆஹா ஓஹோ.

"நீயும் பரங்கிப்பேட்டைல இதைத்தானே பண்ணே, பார்த்தியா எவ்ளோ ஈசி?"ன்னு நண்பர் கேட்டிருந்தார். அந்த வயித்தெரிச்சல்தான் இந்தப் பதிவு. ஆமாம் மக்களே, நானும் பண்ணினேன். இதே மூணு நாள், இதே கிரைண்டர், இதே டப்பா. அதனாலதான் சொல்றேன், இது புதுப்பிக்கிறது இல்லை. பிணத்துக்கு பவுடர் பூசறது.

என் தாத்தாவோட ஹெர்குலிஸ். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்ல தயாரானது (1949-ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி). 1974-ல சிதம்பரத்துல வாங்கினாராம். முட்லூர் வரைக்கும் நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டுப் போன வண்டி. டைனமோ லைட்டு, கம்பி பிரேக்கு, பாருக்கு அடியில பழைய பஞ்சாயத்து லைசென்ஸ் வில்லை ஒண்ணு. செயின் கவர்ல மஞ்சள் பெயிண்ட்ல தாத்தா பேரும் ஊர்ப்பேரும். அந்தக் காலத்துல போர்டு எழுதறவர் யாரோ எழுதினது. 'ட்டை'யோட சுழி மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும்.

2011 டிசம்பர் 30 தானே புயல்ல கொட்டகை விழுந்ததுக்கு அப்புறம் வண்டி வெள்ளாத்துக் காத்துலயே கிடந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து வீடு. எங்க ஊர்ல ஜன்னல் கம்பியே அஞ்சு வருஷத்துல அப்பளம் மாதிரி பொரிஞ்சு வரும். சைக்கிள் எம்மாத்திரம்?

நாலு வருஷம் முன்னாடி லீவுல வந்தப்போ கைல எடுத்தேன். இஞ்சினியரிங் படிச்சவனாச்சே, நமக்குத் தெரியாததா :-) முதல் நாள் பாத்ரூம் ஆசிட் ஊத்தி துருவைக் கரைச்சேன். ரெண்டாம் நாள் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி வெள்ளி மாதிரி ஆகற வரைக்கும் தேய்ச்சேன். செயின் கவரையும் சேர்த்துத்தான். மூணாம் நாள் சாயங்காலம் ஸ்ப்ரே. ராத்திரியே போட்டோ. அறுபது பேர் பாராட்டினாங்க.

ஆயா வெளியில வந்து சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. "அழகாத்தான் இருக்கு. பேரு எங்கடா?"ன்னு கேட்டுச்சு.

என்கிட்ட பதில் இல்லை. பேர் இருந்த பக்கத்தை நான் ஒரு போட்டோ கூட எடுத்து வச்சிருக்கல.

அந்த ஐப்பசி மழை முடிஞ்சு பொங்கலுக்கு வந்து பார்த்தா, பெயிண்ட் குழாய் சேர்ற இடமெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். நகத்தால தட்டினா பொட்டுப் பொட்டா உரியுது. உள்ளே ஈரம், ஆரஞ்சு கலர்ல. மூணு நாள் வேலை மூணு மாசத்துக்குத் தாங்கல.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். வீடியோக்காரங்க சொல்ற ஒவ்வொண்ணும் எப்படிப் பொய்னு வரிசையா சொல்றேன்.

முதல் பொய், 'ஆசிட் ஊத்தினா துரு போயிடும்'. போகும், இல்லைங்கல. ஆனா பாத்ரூம் ஆசிட்ங்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கடல் காத்துல இருக்கற உப்பு என்ன? சோடியம் குளோரைடு. துருவை வேகப்படுத்தற வில்லன் ரெண்டுலயும் ஒருத்தன்தான், குளோரைடு. கடல் அம்பது வருஷமா வெளியில பூசினதை நான் ஒரே மத்தியானத்துல மூட்டுக்குள்ள ஊத்தி வச்சேன். பழைய ஃபிரேம்ல குழாய்களை 'லக்'குன்னு சொல்ற உறைக்குள்ள சொருகி பித்தளையை உருக்கி ஒட்டியிருப்பாங்க. பித்தளை சரியா ஓடாத இடத்துல முடி அளவு இடுக்கு இருக்கும். அதுக்குள்ள போன ஆசிட் மேலாக்கக் கழுவினா வராது. மேல பெயிண்ட் அடிச்சதும் உள்ளே இருக்கற உப்பு காத்துல இருக்கற ஈரத்தை பெயிண்ட் வழியாவே உறிஞ்சும். அதுதான் அந்தக் கொப்புளம். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் கடையில கிடைக்குது. அது இரும்பு மேல பாஸ்பேட் படலத்தை விட்டுட்டுப் போகும், பெயிண்ட் பிடிக்க அது உதவியும் செய்யும். ஆசிட் பாட்டிலை விடக் கொஞ்சம் விலை ஜாஸ்தி, அவ்ளோதான்.

ரெண்டாவது பொய், 'பளபளன்னு ஆகற வரைக்கும் தேய்'. சைக்கிள் குழாயோட கனம் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இருக்காது. துரு ஏற்கெனவே பாதி தின்ன இடத்துல கிரைண்டர் வச்சு நீங்க மீதியைத் தின்னா, அடுத்த தடவை பள்ளத்துல விழும்போது ஹேண்டில்பாருக்குக் கீழ டமால். லக்கோட ஓரத்துல இருந்த கூர்மையான வளைவெல்லாம் மழுங்கிப் போகும். அதைவிடப் பெரிய விஷயம், தூசி. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல காரீயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈயச் செந்தூரம் பிரைமரா இருந்தது, மஞ்சளுக்கும் பச்சைக்கும் லெட் குரோமேட் போட்டாங்க. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுன்னு விதி 2016-ல வந்து, 2017 நவம்பர் 1-லதான் அமலுக்கு வந்தது. அப்போ 1974 பெயிண்ட்ல என்ன இருந்திருக்கும்னு யோசிங்க. அந்தத் தூசியை நான் திண்ணையில பறக்க விட்டேன். பக்கத்துல அக்கா பொண்ணு, ரெண்டு வயசு, விளையாடிட்டு இருந்தா. காரீயம் குழந்தைங்க மூளையைத்தான் முதல்ல பிடிக்கும். இதை இப்போ தட்டச்சும்போதும் வயித்தைப் பிசையுது. எந்த வீடியோவுலயாவது இதைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? மூக்குல ஒரு கர்ச்சீப், முடிஞ்சது.

'கிரைண்டர் வேணாம், ஸ்ட்ரிப்பர் பூசி உரிச்சுடு'ன்னு ஒரு கோஷ்டி. மெத்திலீன் குளோரைடு இருக்கற ஸ்ட்ரிப்பரை பொதுமக்களுக்கு விக்கறதை அமெரிக்காவுல 2019-ல தடை பண்ணினாங்க. மூடின குளியலறையில வேலை செஞ்சு மூச்சடைச்சு செத்தவங்க இருக்காங்க. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சாமிகளா.

மூணாவது பொய், 'பெயிண்ட் காப்பாத்தும்'. பெயிண்ட் எதையும் தானாக் காப்பாத்தாது, அடியில என்ன இருக்கோ அதைப் பொத்தி வைக்கும். சுத்தமான இரும்பு இருந்தா அதை, உப்பு இருந்தா உப்பை. நம்ம தொழில்ல எர்ரர் மெசேஜ் வராம மறைச்சுட்டு 'பக் ஃபிக்ஸ் பண்ணியாச்சு'ன்னு மெயில் அனுப்புவோமே, அதேதான். அதுவும் நான் சாயங்காலம் அடிச்சேன். கடல் காத்து ஏறி, இரும்பு குளிர ஆரம்பிக்கற நேரம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அடிக்காதே, பனி படியற வெப்பநிலையை விட இரும்பு 3 டிகிரியாவது சூடா இருக்கணும்ங்கறது பெயிண்டிங் தொழில்ல பாலபாடம். எங்க ஊர்ல மாசி பங்குனியில காலை பத்துல இருந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும்தான் அடிக்கலாம். புரட்டாசிக்கு அப்புறம் தூரிகையைத் தொடவே கூடாது.

இந்த ஊருக்கு இரும்பு ஒண்ணும் புதுசில்லை. கும்பினியோட மெட்ராஸ் சர்வீஸ்ல இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல இங்கதான் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, மரக்கரி உலை. அப்புறம் இங்கிலாந்து போய் 1839-ல ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது துளியூண்டு மாங்கனீசு சேர்த்தா நல்லா அடிச்சு ஒட்ட வைக்க முடியுது, மட்டமான இரும்புல இருந்தே எஃகு வருதுன்னு. ஷெஃபீல்டே அதை எடுத்துக்கிச்சு, அவருக்குக் காசு மட்டும் தரல. கேஸ் முடியறதுக்கு முன்னாடியே 1851-ல செத்துப் போனார். நான் சொல்ல வர்றது, துளியூண்டு மாங்கனீசு எஃகோட தலையெழுத்தை மாத்தும்னா, துளியூண்டு உப்பும் மாத்தும். கேமராவுல ரெண்டும் தெரியாது.

'பவுடர் கோட்டிங் கொடுத்துட்டா போச்சு'ங்கறவங்களுக்கு: நல்ல வழிதான், ஆனா உப்பைக் கழுவாம அடுப்புல வச்சா அதே கதை. படலம் தடிமனா இருக்கறதால ஃபிரேம் நம்பரும் லக்கோட ஓரமும் மூழ்கிப் போகும். 'இந்தக் காசுக்குப் புது கியர் சைக்கிளே வாங்கலாமே'ங்கறவங்களுக்கு: வாங்குங்க, நான் தடுக்கல. 'துருவும் ஒரு அழகு, அப்படியே விடு'ங்கற ரசிகர்களுக்கு: பெங்களூர்ல விடுங்க. அன்னங்கோயில் பக்கம் விட்டா ரெண்டு வருஷத்துல அழகு மட்டும்தான் மிஞ்சும், சைக்கிள் மிஞ்சாது.

அப்போ எப்படித்தான் பண்றது? ரெண்டாவது தடவை நான் பண்ணினதைச் சுருக்கமாச் சொல்றேன். முதல்ல போட்டோ, எல்லாப் பக்கமும். வண்டி முழுக்கக் கழட்டினேன். உரிச்சது எல்லாம் தண்ணி நனைச்ச உப்புத்தாள்ல, கையால, கொல்லையில கோணி விரிச்சு, குழந்தைங்க இல்லாதப்போ (உப்பை எடுக்க உப்புத்தாள், பேரைப் பாருங்க!). சேறு மாதிரி வந்ததை மண்ணுல கொட்டாம அள்ளி மூடி வச்சேன். அப்புறம் சுடுதண்ணியில கழுவி வெயில்ல காய வச்சேன். அடுத்த நாள் மூட்டுல ஆரஞ்சு நீர் கசிஞ்சா மறுபடி கழுவு. அஞ்சு தடவை ஆச்சு, கசிவு நிக்க. அப்புறம் பாஸ்பாரிக், மறுபடி கழுவல், காய்ச்சல். மெல்லிசா ரெண்டு கோட்டு எபாக்சி பிரைமர், மேல கறுப்பு எனாமல், எல்லாமே தூரிகையில. ஸ்ப்ரேல அடிக்கற டூ-பேக் பெயிண்ட்ல ஐசோசயனேட் உண்டு, சரியான முகமூடி இல்லாம வீட்ல அதைத் தொடாதீங்க.

யாரும் காட்டாத வேலை ஒண்ணு பாக்கி, குழாயோட உள்பக்கம். சீட் பைப் வழியா இறங்கற மழைத்தண்ணி பெடல் அச்சுகிட்ட தேங்கும். பாதி ஃபிரேம் உள்ளே இருந்துதான் சாகுது. ஆளி விதை எண்ணெயை உள்ள ஊத்தி, ஃபிரேமை நாலு பக்கமும் கவுத்து உருட்டி, வடிய விட்டேன். மொத்தம் ஏழு சனி ஞாயிறு. சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் பஸ்ஸுலயே பாதி நாள் போச்சு.

ரெண்டு மழை பார்த்தாச்சு. பின் சக்கர நட்டு இறுக்கற இடத்துல மட்டும் வாஷர் நசுக்கி பெயிண்ட் விட்டுப்போய் கொஞ்சம் துரு. மத்த இடம் தேவலை. முதல் தடவை கிரைண்டர் வழிச்ச பள்ளம் ரெண்டு அப்படியே இருக்கு, அதனால மூட்டை ஏத்தறதில்லை. கடைத்தெரு வரைக்கும் ஓட்டறேன்.

செயின் கவர் வெறும் கறுப்பாத்தான் இருக்கு. புதுசா எழுதிடலாமான்னு ஆயாகிட்ட கேட்டேன். "அந்தக் கையெழுத்து வருமா?"ன்னுச்சு. விட்டுட்டேன்.

அதனால பழைய சைக்கிள்ல கை வைக்கப்போற கண்மணிகளே, மூணாம் நாள் எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பாதீங்க. ரெண்டு ஐப்பசி கழிச்சு, லக்குக்குப் பக்கத்துல கிட்டக்க எடுத்து அனுப்புங்க. அன்னைக்குப் பாராட்டறேன், மனசார.

டிஸ்கி: பேர் எழுதின பாகத்தை உரிக்கவே உரிக்காதீங்க. சோப்புத்தண்ணியில துடைச்சு, மேல மெழுகு பூசி விட்டுடுங்க. பெயிண்ட் எப்ப வேணா அடிக்கலாம்.