கச்சேரி ஓர் இரவு. கணக்கு 24 ஆண்டு

மைக்கேல் ஜாக்சன் இந்தியாவில் நடத்திய இசை நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். 1996 நவம்பர் 1-ஆம் தேதி மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடைபெற்ற அந்த நிகழ்ச்சி, ஓர் இரவில் சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால், அதற்கான கேளிக்கை வரியைக் கட்ட வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு மகாராஷ்டிர அரசு இறுதி விடை கண்டது 2021 ஜனவரியில்தான். அதற்குள் 24 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆடிப் பாடிய கலைஞரே 2009-இல் மறைந்துவிட்டார்.

உலகப் புகழ்பெற்ற பாடகர்களின் இசைப் பயணத்தில் இந்தியாவும் ஒரு நிறுத்தமாக மாறிவரும் இந்த நேரத்தில், அந்தப் பழைய வழக்கை நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஒரு ஜாக்சனுக்கே இத்தனை ஆண்டு என்றால், வரிசையில் வரவிருக்கும் நட்சத்திரங்களுக்கு நாம் எந்த விதியோடு காத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

1996 செப்டம்பரில் பிராக் நகரில் தொடங்கி 1997 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் முடிந்த ஜாக்சனின் அந்த உலகப் பயணத்தில் 35 நாடுகளில் 82 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அவற்றில் ஒன்று மும்பைக்குக் கிடைத்தது. பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த இந்தியாவுக்கு அது ஒரு பெருமையாகவே தோன்றியது. அப்போது மகாராஷ்டிரத்தில் ஆட்சியில் இருந்தது மனோகர் ஜோஷி தலைமையிலான சிவசேனை - பாரதிய ஜனதா கூட்டணி அரசு. நிகழ்ச்சியை முன்னின்று வரவழைத்ததோ, ராஜ் தாக்கரே தலைமையிலான சிவ உத்யோக் சேனை. வேலையற்ற இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்படுத்தித் தர நிதி திரட்டுவதே நோக்கம் என்று கூறப்பட்டது. மேடை அமைத்து நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை விஸ்கிராப்ட் என்ற தனியார் நிறுவனம் ஏற்றது.

ஆளும் கட்சியின் ஆசி பெற்ற நிகழ்ச்சிக்கு அரசு கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. தொகை ரூ.3 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகம். இன்றைய கணக்கில் இது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால், பிரச்னை தொகையில் இல்லை. ஊரில் நாடகம் போடும் சபாவும், ஓரிரு நூறு பேர் பார்க்கும் திரையரங்கும் கட்டித் தீர வேண்டிய வரியை, ஆயிரக்கணக்கில் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கத் தயாராக இருந்தவர்களின் விழாவுக்கு மட்டும் ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்? மும்பை கிராஹக் பஞ்சாயத் என்ற நுகர்வோர் அமைப்பு இந்தக் கேள்வியுடன்தான் மும்பை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2011-இல் உயர் நீதிமன்றம், முறையாகப் பரிசீலிக்காமல் அளிக்கப்பட்ட விலக்கு என்று கூறி அரசின் ஆணையை ரத்து செய்தது. விஷயத்தை மீண்டும் ஆராய்ந்து முடிவெடுக்குமாறு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் கோப்பு உறங்கியது. கடைசியில் 2021 ஜனவரியில், உத்தவ் தாக்கரே தலைமையிலான அமைச்சரவை மீண்டும் அதே விலக்கை அளித்து, முடங்கிக் கிடந்த தொகையை விஸ்கிராப்ட் நிறுவனத்துக்குத் திருப்பித் தர முடிவு செய்தது. 1996-இல் விலக்கு அளித்த அரசுக்குத் தலைமை வகித்த கட்சியும், 2021-இல் விலக்கு அளித்த அரசுக்குத் தலைமை வகித்த கட்சியும் ஒன்றே என்பதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது.

விலக்கு சரியா, தவறா என்பதில் இரு தரப்புக்கும் வாதங்கள் இருக்கலாம். ஆனால், விருந்தினர் விமானத்தில் ஏறிய பிறகு விதி எழுதப்பட்டால் அது விதி அல்ல, சலுகை. சலுகை எப்போதும் செல்வாக்கு உள்ளவர் பக்கமே சாயும். மும்பை வழக்கு சொல்லும் பாடம் இதுதான்.

அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா?

2017 ஜூலையில் சரக்கு - சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநிலங்களின் கேளிக்கை வரி அதனுள் அடங்கிவிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் வரி மட்டுமே விதிவிலக்கு. எனவே, ஒரு முதலமைச்சர் நினைத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு வரியைத் தள்ளுபடி செய்துவிடும் பழைய வழி பெருமளவு குறுகிவிட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், சலுகை வேறு வடிவங்களில் வரக்கூடும். அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தருவது, காவல்துறைப் பாதுகாப்புக்கான கட்டணத்தைக் குறைப்பது, சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் மானியம் கொடுப்பது என்று வழிகள் பல.

மானியத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை நடத்திய உலக இசைப் பயணத்தில் 149 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். நுழைவுச்சீட்டு விற்பனை மட்டும் 200 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பயணத்தில் தென்கிழக்கு ஆசியா முழுமைக்கும் சிங்கப்பூரில் மட்டுமே, 2024 மார்ச்சில், ஆறு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இதற்காகச் சிங்கப்பூர் அரசு நிதியுதவி அளித்தது வெளிவந்தபோது அண்டை நாடுகள் முணுமுணுத்தன. அன்றைய பிரதமர் லீ சியென் லூங், உதவி அளிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். அதில் தவறில்லை என்றும் வாதிட்டார். ஆனால், எவ்வளவு தொகை என்பதை அந்நாட்டு அரசு வெளியிடவில்லை.

விடுதிகளும் விமானங்களும் நிரம்பி வழிந்ததால் சிங்கப்பூருக்கு அது லாபகரமான பேரமாக இருந்திருக்கலாம். ஆனால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 2005-இலேயே இயற்றிய நாட்டில் அத்தகைய மூடிய கதவுப் பேரத்துக்கு இடமிருக்கக் கூடாது. எந்த மாநிலமாவது ஒரு நட்சத்திரத்தை வரவழைக்கப் பொதுப்பணத்தைச் செலவிடுமானால், செலவு எவ்வளவு, எதிர்பார்க்கும் வருவாய் எவ்வளவு என்ற இரண்டையும் நிகழ்ச்சிக்கு முன்பே வெளியிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த வருவாயையும் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.

வரி ஒரு புறம் இருக்கட்டும். நுழைவுச்சீட்டு வாங்கும் சாமானிய ரசிகனின் நிலை என்ன?

பிரிட்டனின் கோல்ட்ப்ளே இசைக்குழு 2025 ஜனவரியில் மும்பையிலும் ஆமதாபாதிலும் ஐந்து நிகழ்ச்சிகளை நடத்தியது. ஆமதாபாத் நரேந்திர மோடி அரங்கில் ஒவ்வோர் இரவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதன் பின்னர் புவனேசுவரத்தில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, இந்நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டி, நேரடி இசை நிகழ்ச்சிகள் சார்ந்த பொருளாதாரத்துக்கு இந்தியாவில் பெரும் வாய்ப்பு இருப்பதாகவும், மாநிலங்களும் தனியார் துறையும் அதற்கான கட்டமைப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்றும் கூறினார். அதில் உண்மை இருக்கிறது. ஒரு பெரிய கச்சேரியால் பாடகர் மட்டும் பிழைப்பதில்லை. மேடை போடுபவர், ஒலி - ஒளி அமைப்பவர், ஆட்டோ ஓட்டுநர், விடுதிப் பணியாளர், தெருவோரத் தேநீர்க் கடைக்காரர் எனப் பலரும் பிழைக்கிறார்கள்.

ஆனால், அந்தக் கச்சேரிக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு நடந்ததையும் மறக்கக் கூடாது. 2024 செப்டம்பர் 22-ஆம் தேதி இணையத்தில் சீட்டு விற்பனை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் அதிகமானோர் முயன்றனர், இணையதளம் திணறியது. ரூ.2,500-இல் தொடங்கி ரூ.35,000 வரை விலையிடப்பட்ட சீட்டுகள் தீர்ந்த சூட்டோடு சூடாக, வேறு தளங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை கூறப்பட்டன. மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்தது. அக்டோபரில் அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது. பரபரப்புக்குக் குறைவில்லை.

இதற்கிடையே மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவதும் கொள்கை வகுப்பதும் சட்டமன்றத்தின், அரசின் பணி என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அது சரியான நிலைப்பாடும்கூட. திரையரங்க வாசலில் பத்துச் சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்பவரைப் பிடித்துக்கொண்டு போகும் காவல்துறை, கணினி முன் அமர்ந்து ஆயிரம் சீட்டுகளை அள்ளிப் பல மடங்கு விலைக்கு விற்பவரிடம் கைகட்டி நிற்கிறது என்றால், குறை காவலரிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

மற்ற நாடுகள் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. மென்பொருள் கொண்டு சீட்டுகளை மொத்தமாக அள்ளுவதை அமெரிக்கா 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. பெரிய நிகழ்ச்சிகளின் சீட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதை அயர்லாந்து 2021-இல் சட்டவிரோதமாக்கியது. அதே வழியில் செல்லப்போவதாக பிரிட்டன் 2025 நவம்பரில் அறிவித்தது. சட்டம் இருந்தும் அமெரிக்காவில் கள்ளச் சந்தை ஒழியவில்லை என்பது உண்மைதான். ஆனால், அங்கே ஏமாந்தவருக்கு முறையிட ஒரு சட்டப்பிரிவாவது இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

வரியும் சீட்டும் பணம் சார்ந்தவை, இழந்தால் ஈட்டிக்கொள்ளலாம். மூன்றாவதான உயிர்ப் பாதுகாப்பு அப்படியல்ல.

2023 நவம்பர் 17-ஆம் தேதி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், கடும் வெப்ப அலைக்கு நடுவே டெய்லர் ஸ்விப்டின் நிகழ்ச்சி நடந்தபோது 23 வயது ரசிகை ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார். அரங்குக்குள் தண்ணீர் கொண்டுசெல்ல அனுமதிக்கவில்லை என்று ரசிகர்கள் குமுறினர். மறுநாளே பிரேசில் அரசு, தண்ணீர் கொண்டுவருவோரைத் தடுக்கக் கூடாது, வெப்ப நாள்களில் இலவசமாகத் தண்ணீர் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, ஆனால், ஓர் உயிரைப் பறிகொடுத்த பிறகு வந்த உத்தரவு.

அதிலிருந்து எட்டே நாளில், நவம்பர் 25-ஆம் தேதி, கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் பாடகி ஒருவரின் நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு நான்கு பேர் உயிரிழந்தனர். அது உலகப் பயணமும் அல்ல, லட்சம் பேர் கூடிய திடலும் அல்ல. ஒரு கல்லூரி விழா. ஒரு கல்லூரி விழாவிலேயே உள்ளே செல்லவும் வெளியே வரவும் வழியை ஒழுங்குபடுத்த முடியாத நாம், ஒரு லட்சம் பேர் கூடும் இரவுகளுக்கு ஆசைப்படுகிறோம்.

கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்று தெரியாத நாடல்ல இது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே இதற்கென விரிவான வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. இடத்தின் கொள்ளளவைக் கணக்கிடுவது முதல் வாயில்கள், மருத்துவ உதவி வரை அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், வழிகாட்டி என்பது வழிகாட்டிதான். மீறினால் தண்டனை இல்லை. அனுமதி கொடுக்கும் அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தாரா என்று கேட்பாரும் இல்லை.

இசைக்கோ, அயல்நாட்டுக் கலைஞர்களுக்கோ எதிரான கருத்தல்ல இது. ஜாக்சனின் ஆட்டத்தைப் பார்த்து மெய்மறந்த மும்பை இளைஞனின் மகிழ்ச்சி உண்மையானது. அதை மேற்கத்தியக் கலாசாரம் என்று தூற்றுவதும், அந்நியச் செலாவணி என்று துதிப்பதும் ஒருசேரத் தவறு. கச்சேரி ஒரு வணிகம். மற்ற வணிகங்களுக்கு இருப்பதுபோல் இதற்கும் விதி வேண்டும் என்பதே கோரிக்கை.

செய்ய வேண்டியவை மூன்று. கச்சேரிகளுக்குத் தரப்படும் எந்தச் சலுகையானாலும் அதன் தொகையும் காரணமும் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் மொத்தமாக மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கும் சட்டத்தை மத்திய அரசு மாநிலங்களுடன் கலந்து இயற்ற வேண்டும். பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், பெரிய நிகழ்ச்சிகளுக்கான உரிமத்தின் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். குடிநீரும், வெளியேறும் வழியும், மருத்துவரும் இல்லாத இடத்துக்கு உரிமம் இல்லை என்று ஆக வேண்டும்.

இவற்றை முடிவு செய்யத் தில்லிக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும் இப்போது அவகாசம் இருக்கிறது. அடுத்த நட்சத்திரத்தின் வருகை அறிவிக்கப்பட்டு, சீட்டுக்காகக் கோடிப் பேர் முண்டியடிக்கத் தொடங்கிய பிறகு நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது. ஓர் இரவுக் கச்சேரிக்கு 24 ஆண்டு கணக்குப் பார்த்த நாடு என்ற பெயர் ஒருமுறை போதும்.