மாத்திரை விற்பவர்கள் சொல்லாத பாதி

வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூவுக்கு அடுத்தபடி இப்போதெல்லாம் வருவது மூலிகை மாத்திரை விளம்பரம்தான். போன வாரம் வந்தது இது: மஞ்சள், ப்ரோக்கோலிச் சத்து நுரையீரலின் ஸ்டெம் செல்களைக் காப்பாற்றுமாம்.

பாதி உண்மைதான். நுரையீரலின் காற்றுப்பைகளில் 'டைப் 2' என்றொரு வகைச் செல் உண்டு. பைச்சுவர் பழுதானால் இதுதான் பெருகி ஒட்டுப்போடும். சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும், இரும்பில் துரு ஏறுகிற மாதிரி, இந்தச் செல்லையும் அரிக்கும். மஞ்சளின் குர்குமினும் ப்ரோக்கோலியின் சல்ஃபோராஃபேனும் செல்லுக்குள் இருக்கும் தற்காப்பைத் தட்டி எழுப்புவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. விழுங்குகிற குர்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நாலு வாரம் சல்ஃபோராஃபேன் கொடுத்த அமெரிக்க ஆய்வில் (2016) அந்தத் தற்காப்பு எழும்பவே இல்லை.

இன்னும் மோசமானது பின்லாந்துக் கதை. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, சிலருக்கு அந்த மாத்திரை, சிலருக்கு வெற்று மாத்திரை என்று வருடக்கணக்கில் கொடுத்தார்கள். 1994-இல் கணக்குப் பார்த்தால், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதே மாதிரி ஆய்வை, 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் பொரியலைக் குறை சொல்லவில்லை, ஐயா. மாத்திரையில் அடைத்துத் தினமும் விழுங்கும் அளவு வேறு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். க்ளோத் பெர்னார் என்ற மருத்துவ மேதை பரிசோதனை மருத்துவம் பற்றி 1865-இல் எழுதிய நூலில், ஒப்பிட்டுப் பார்க்காத சோதனைக்கு மதிப்பில்லை என்று வற்புறுத்துகிறார். அந்த வெற்று மாத்திரைக்காரர்கள் இல்லாவிட்டால் பின்லாந்து விபரீதம் வெளியே தெரிந்தே இருக்காது. 'நான் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது' என்கிற வீடியோக்களில் ஒப்பிட யார் இருக்கிறார்கள்?

விளம்பரத்தைப் பார்த்த பழைய சகா ஒருவர், "இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதை வாங்கலாமா?" என்று கேட்டார். ரசத்தில் மஞ்சள் போடுங்கள், டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை விடாதீர்கள் என்றேன். நாளைக்கு நாலு பீடி இன்னும் பிடிக்கிறார் மனிதர். அதை விடலாமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.