வானம் தோண்டுறதுக்கு முன்னால மண்ணைக் கேளுங்க

டவுன்ல இருக்கிற உங்களுக்கு வானம்னா தலைக்கு மேல இருக்கிறது. எங்க ஆலங்குளம் பக்கம் கொத்தனார் "வானம் எவ்வளவு ஆழம்?"னு கேட்டா, அஸ்திவாரத்துக்குத் தோண்டுற குழியைக் கேக்கிறார்னு அர்த்தம். அரசாங்கக் கட்டடங்கள் பல இந்த வானத்துலயே கெட்டுப்போகுதுங்கிறது என் கருத்து.

எங்க பக்கம் கரிசல் மண். சித்திரை வெயில்ல வெடிச்சுக் கிடக்கும். மண்வெட்டிக் கணையை விட்டா பாதி உள்ளே போயிடும். ஐப்பசி மழையைக் குடிச்சதும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கும். ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதால பருத்திக்கு இது வரம், கட்டடத்துக்கு எமன். வருசா வருசம் அஸ்திவாரத்தைத் தூக்கும், இறக்கும். அதுவும் ஒரே சீரா இல்ல. தண்ணி நிக்கிற பக்கம் ஒரு மாதிரி, வெயில் காயுற பக்கம் ஒரு மாதிரி. சுவர் தாங்குமா?

எனக்குத் தெரிஞ்ச ஒரு அங்கன்வாடிக்கு ஐப்பசியில வேலை ஆரம்பிச்சாங்க. ஜேசிபி ஒரே நாள்ல தோண்டிப் போட்டுட்டுப் போச்சு. பத்து நாள் குழியில மழைத்தண்ணி. அப்புறம் தண்ணியை மட்டும் இறைச்சுட்டு, அடியில இருந்த சேத்தை வழிக்காம கான்கிரீட் போட்டாங்க. அடுத்த கோடையிலயே ஜன்னல் மூலையில விரிசல். பூசி வெள்ளையடிச்சாங்க. மறு கோடையில அதே இடத்துல திரும்பவும் விரிசல். இது 1970-லயே அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். சிமெண்டுக்குப் பஞ்சமில்ல, பொறுமைக்குத்தான் பஞ்சம்.

வழி இல்லாமலும் இல்ல. ரூர்க்கியில உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்காகவே அடி பருத்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியிருக்கு. துளையோட அடிப்பக்கம் குமிழ் மாதிரி, தண்டைப் போல ரெண்டரை மடங்கு அகலமா இருக்கும். ஆழமான கரிசல்ல குறைஞ்சது மூன்றரை மீட்டர் இறக்கணும். மேல் மண் ஆடினாலும், ஆடாத ஆழத்துல அது பிடிச்சு நிக்கும். கரிசல் ஆழம் கம்மியா இருந்தா, அதை முழுசா எடுத்துட்டு சரளை போட்டுத் திமிசு போடலாம். கட்டடத்தைச் சுத்தித் தளம் போட்டு மழைத்தண்ணியை ஒதுக்கணும். எதுன்னு முடிவு பண்ண முதல்ல மண் பரிசோதனை வேணும். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே வரைபடம் ஆகாது.

செலவு கூடும்னு சொல்வாங்க. கூடும்தான். ஆனா 2021 டிசம்பர் 17-ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் செத்தாங்களே! அந்தச் சுவருக்கு அஸ்திவாரமே சரியா இல்லன்னு முதல் விசாரணையில சொன்னாங்க. அது அரசு கட்டின சுவர் இல்ல. ஆனா பாடம் எல்லாருக்கும் பொதுதான். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு சுவர் விழுந்தப்புறம் பார்த்து என்ன பிரயோசனம்?

நான் கேக்கிறது மூணுதான். கரிசல்ல வானத்தை தை முதல் வைகாசிக்குள்ள தோண்டுங்க, தோண்டினா குழியைத் திறந்து போடாதீங்க. மண் பரிசோதனை முடிவை வேலை நடக்கிற இடத்துல எழுதி வைங்க. கான்கிரீட் போடுறதுக்கு முன்னால டேப்பு வச்சுக் குழி ஆழத்தைப் போட்டோ எடுங்க. மூடினப்புறம் எந்த அதிகாரி வந்தாலும் பார்க்க முடியாது.

நகரத்து நண்பர்களே, உங்க சொந்த ஊர்லயும் ஒரு பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ எழும்பிட்டு இருக்கும். அடுத்து ஊருக்கு வரும்போது, கிராம சபைக் கூட்டத்துல எழுந்து இந்த மூணையும் கேளுங்க. நானும் இங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.