கரண்ட் வைப்பதும் நாள் தவறுவதும்

குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த ஊர்களில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். பெயரிலேயே அச்சம் தொனிக்கிறது. உடலில் மின்சாரம் பாயும், உள்ளே கருகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மை என்ன?

இச்சிகிச்சையில் மின்சாரம் உடலைத் தொடுவதே இல்லை. ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களோ, கோபால்ட் 60 வெளிவிடும் காமாக் கதிர்களோ கட்டியை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. அவை புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்க, அச்செல் பெருகும் ஆற்றலை இழந்து மடிகிறது. அருகிலுள்ள நல்ல செல்களும் ஓரளவு பாதிக்கப்படும். ஆயினும் தம்மைச் சீர்செய்துகொள்ளும் திறன் அவற்றுக்கு அதிகம். அதற்கு அவகாசம் தரவே மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றனர். கதிர் படும்போது வலி இராது. நாள்பட நாள்பட உடற்சோர்வும் தோல் கறுத்தலும் உண்டாகலாம். வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடலில் அது தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

தமிழகத்துக்கு இது புதிதுமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957இலேயே கோபால்ட் எந்திரம் வந்துவிட்டது. இன்று மதுரை பாலரெங்கபுரம் அரசு மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது.

ஆனால், எந்திரம் இருந்தால் மட்டும் போதுமா? கருப்பைவாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர் ஏறத்தாழ 25 நாள், பின்னர் உட்கதிர், யாவும் 8 வாரங்களுக்குள் முடிதல் நலம். இடையே நாள் தவறினால் எஞ்சிய புற்றுச் செல்கள் மீண்டும் பெருகும். குணமாகும் வாய்ப்பு குறையும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்வர மட்டும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அன்றாடம் கூலிக்குப் போகும் பெண் இத்தனை நாளும் வேலையை விட்டு, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்தால் அடுப்பு எரிவது எப்படி? சிகிச்சைக்குப் பணம் வாங்காதிருப்பது மட்டும் இலவசம் ஆகாது.

மாவட்டந்தோறும் எந்திரம் வைத்தால் தீரும் என்பர் சிலர். வரவேற்போம். ஆனால் அதை இயக்க வல்லுநர் வேண்டும், காலமும் ஆகும். நோய் அதுவரை காத்திருக்குமா? மருத்துவமனை அருகே நோயாளியும் துணைவரும் தங்க இடம், உணவு, சிகிச்சை நடக்கும் வாரங்களுக்கு உதவித்தொகை ஆகியவற்றையும் சிகிச்சையின் பகுதியாகவே அரசு கருத வேண்டும் என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே! நமக்கும் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்தோறும் இரண்டு செய்திகளைச் சொல்வோம்: கரண்ட் சுடாது, ஆனால் நாள் தவறக் கூடாது.