உருகிப்போன சாட்சி

பழைய துப்பறியும் கதைகளில் ஒரு தந்திரம் உண்டு. கொலைகாரன் பனிக்கட்டியைக் கூராகச் செதுக்கி அதனாலேயே குத்திவிடுவான். போலீஸ் வருவதற்குள் ஆயுதம் உருகிவிடும். தரையில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிவார். படிக்கும்போது 'சரியான ரீல்' என்று தோன்றும். ஆனால், பைலட் பயிற்சிக்கான குட்டி விமானங்களின் உலகத்தில் இது நிஜமாகவே நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிவதில்லை. விழுந்தவன் மேலேயே கேஸை எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்.

ஆயுதத்தின் பெயர் கார்புரேட்டர் ஐஸ்.

பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குக் கார்புரேட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் வண்டி கிளம்பாமல் மானத்தை வாங்கும்போது மெக்கானிக் கழற்றி 'ஃபூ' என்று ஊதுவாரே, அதே சாமான்தான். காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடம். உள்ளே குழாய் ஓரிடத்தில் இடுப்பு மாதிரி குறுகும். அங்கே காற்று வேகம் பிடிக்க, அழுத்தம் குறைந்து, பெட்ரோல் உறிஞ்சப்பட்டு ஆவியாகிறது. ஆவியாகிற எதுவும் பக்கத்திலிருந்து சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், ஊசி போடுமுன் நர்ஸம்மா தேய்க்கும் ஸ்பிரிட் ஜில்லிடுவதும் இதனால்தான். இப்படிக் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை முப்பது டிகிரி செல்சியஸுக்கு மேல்கூட சடாரென்று இறங்கலாம். காற்றில் ஈரம் இருந்தால் அது உள்சுவரிலும் த்ராட்டில் தகட்டிலும் பனியாகப் படியும். வழி அடைபடும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

'இதெல்லாம் காஷ்மீர் குளிரில் நடக்கிற சமாசாரம், நமக்கென்ன' என்று நினைப்பீர்கள். இல்லை. அமெரிக்காவின் ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் விமானிகளுக்கு வெளியிடும் கைநூல், வெளியே 38 டிகிரி வெயிலும் காற்றில் 50 சதவிகித ஈரப்பதமும் இருந்தால்கூட இது வரலாம் என்கிறது. எலும்பை உறைய வைக்கும் வறண்ட குளிரில் உறைவதற்கு ஈரமே இருக்காது, அங்கே ஆபத்து குறைவு. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் கடற்கரை ஊர்க் காற்றுதான் இதற்குப் பிடித்த தீனி.

மருந்து இல்லாமல் இல்லை. காக்பிட்டில் 'கார்ப் ஹீட்' என்று ஒரு குமிழ் இருக்கும். இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றி வரும் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போய்ப் பனியைக் கரைக்கும். அவ்வளவுதானே என்பீர்கள். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'மீதுதான் எனக்குக் கோபம்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறந்த ஒரு பையனை யோசித்துப் பாருங்கள். முதன்முறை தனியாக வானத்தில். கீழே ஓடுபாதை, காதில் கன்ட்ரோல் டவர், எதிரே வேகம், உயரம், ஃபிளாப். இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைக்கிறான். தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ள, இருக்கிற சின்ன இடுக்கிலும் பனி படிகிறது. இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். இறங்கும்போதுதான் அவனுக்கு வேலையும் அதிகம். எஞ்சின் ஏற்கெனவே மெதுவாக ஓடுவதால் அது திணறுவதும் காதில் விழாது. மறுபடி பவர் வேண்டுமென்று த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் தெரியும், அந்தப் பக்கம் ஆளில்லை என்று.

சரி, ஞாபகமாகக் குமிழை இழுத்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன ஆகிறது? எஞ்சின் சரியாவதில்லை. முதலில் இன்னும் மோசமாகிறது! சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் சுற்று இறங்கும். கரைந்த பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போய் அது இருமும், உதறும். சில வினாடிகள் பொறுத்தால் சரியாகும். ஆனால், இழுத்ததும் எஞ்சின் உதறினால் மனுஷப் பிறவி என்ன செய்யும்? 'ஐயோ' என்று பழையபடி உள்ளே தள்ளிவிடும். நோயாளி மருந்தைத் துப்பினாற்போல.

அரைகுறையாக இழுத்தாலும் வம்புதான். காய்ந்த பொடியாக உள்ளே பறந்துபோயிருக்கும் பனியை லேசாக ஈரமாக்கி ஒட்டவைத்துவிடலாம். ரொம்பத் தாமதமாக இழுத்தாலோ, எஞ்சின் நின்றுபோயிருக்கும். நின்ற எஞ்சினின் புகைபோக்கி மளமளவென்று ஆறிவிடும். சூடு கேட்டால் சூடு எங்கேயிருந்து வரும்? ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்ற ஒரு செஸ்னா 152-க்குத் தரையைத் தொட ஒன்றரை நிமிடம் போல ஆகும். அதற்குள் நல்ல வயல் கிடைத்தால் பிழைத்தான். நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள். எல்லோரும் அல்ல.

விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். எஞ்சினைப் பிரித்தால் ஒரு குறையும் இருக்காது. டேங்கில் பெட்ரோல் இருக்கும். சூடான எஞ்சினில் பனி எத்தனை நிமிடம் தாங்கும்? அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்ப்பார்கள். 'கார்புரேட்டர் ஐஸ் உண்டாகக்கூடிய சூழ்நிலை. விமானி கார்ப் ஹீட்டைப் பயன்படுத்தத் தவறினார்.' முடிந்தது. தவறியது விமானி. ஒரு மாணவனின் ஞாபகசக்தியை நம்பியே எஞ்சினை வடிவமைத்தவர் தவறவில்லை, அதற்குச் சான்றிதழ் கொடுத்தவர் தவறவில்லை, அதை இத்தனை வருஷம் வாடகைக்கு ஓட்டிச் சம்பாதித்தவரும் தவறவில்லை.

இது கண்டுபிடிக்கவே முடியாத புதுநோயாக இருந்தால் மன்னித்துவிடலாம். நாசாவுக்கு முன்னோடியான நாகா அமைப்பு, 1940-களிலேயே கிளீவ்லாண்டில் சோதனைச்சாலை வைத்துக் கார்புரேட்டரில் பனி பிடிப்பதைக் குடைந்து ஆராய்ந்தது. 1940-ல் பிரிட்டன் வானத்தில் ஸ்பிட்ஃபயரோடு சண்டை போட்ட ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன்! பெட்ரோலைக் கார்புரேட்டரின் கழுத்தில் ஆவியாக்காவிட்டால் இந்தப் பனிக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. செஸ்னா கம்பெனியே தன் புகழ்பெற்ற 172-ன் தயாரிப்பை 1986-ல் நிறுத்தி 1996-ல் மறுபடி ஆரம்பித்தபோது, இஞ்செக்‌ஷன் எஞ்சின்தான் வைத்தது. நம் ஊரில் 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபின், பால்காரர் ஓட்டும் புது பைக்கில்கூடக் கார்புரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. நின்றால் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்கிற வண்டிக்கு அந்த மரியாதை. நின்றால் ஊன்றக் கால் இல்லாத வண்டியில், வெளிநாட்டிலும் இங்கேயும், இன்னும் மாணவர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

'எல்லா விமானத்தையும் தூக்கிப் போட முடியுமா சார்? புதுசு என்ன விலை தெரியுமா?' என்று பயிற்சிப் பள்ளிக்காரர்கள் கேட்பார்கள். தெரியும். கேள்வி நியாயமானதுதான். செஸ்னா 152 மாதிரி எளிமையான, மாணவனின் முரட்டு இறக்கங்களைத் தாங்கும் விமானம் அபூர்வம். இஞ்செக்‌ஷன் எஞ்சினிலும் தொல்லை உண்டு. வெயிலில் ஓடிச் சூடாக நிற்கும்போது கிளப்புவது தனிக் கலை. ஆனால், நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ராபின்சன் ஆர் 22 என்றொரு இரண்டு ஸீட் ஹெலிகாப்டர். உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுவது. அதிலும் கார்புரேட்டர்தான். ஆனால், அதற்குள் எத்தனை டிகிரி என்று காட்டும் ஒரு மீட்டர் கண்ணெதிரே இருக்கும், பனி பிடிக்கும் எல்லையை மஞ்சள் பட்டை போட்டுக் காட்டும். பிந்தைய மாடல்களில், விமானி பவரைக் குறைக்க நெம்புகோலை இறக்கினாலே கார்ப் ஹீட் தானாகச் சேர்ந்து வந்துவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, சாட்டிலைட் கிடையாது. இணைப்புக் கம்பிதான். பிரிட்டிஷ் விமானப்படை இன்னும் எளிமையாக யோசித்தது. அதன் சிப்மங்க் பயிற்சி விமானத்தில் கார்ப் ஹீட்டைச் சூடான நிலையிலேயே வைத்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். கொஞ்சம் பவர் போனால் போகட்டும், பையன் மறக்க முடியாதல்லவா!

இந்த யோசனைகளெல்லாம் சாதாரணப் பயிற்சி விமானத்துக்கு ஏன் கட்டாயமாகவில்லை? வெப்பநிலை மீட்டர்கூட அங்கே பெரும்பாலும் 'விருப்பப்பட்டால்' வகை. கடைசியாகத் தயாரான 152-க்கே நாற்பது வயது தாண்டிவிட்டது, அதற்கு ஒரு மீட்டர் வைக்கவா நேரமில்லை?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அனுபவஸ்தர்கள். 'நாங்களெல்லாம் இதில்தான் கற்றுக்கொண்டோம். ஒழுங்காகப் பழகினால் ஒன்றும் ஆகாது' என்பார்கள். ஒழுங்கு என்ன என்பதிலாவது ஒத்துப்போகிறார்களா? செஸ்னாவின் கையேடு, பவரைக் குறைக்குமுன் கார்ப் ஹீட்டை இழு என்கிறது. பைப்பரின் கையேடு, பனி அறிகுறி தெரிந்தால் இழு என்கிறது. எஞ்சின் அமைப்பு வேறு, கார்புரேட்டர் உட்காரும் இடம் வேறு, அதனால் இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. ஆனால், திங்கட்கிழமை செஸ்னாவிலும் வியாழக்கிழமை பைப்பரிலும் ஏறுகிற மாணவனின் கைக்கு எது பழக்கமாகும்? ஒழுங்காகப் பழகியவர்கள் மட்டும்தான் இப்படிப் பேச மிச்சமிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் விமானமே ஓட்டாத உங்களிடம் ஏன் சொல்கிறேன்? பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பைலட் ஆக்குவதற்கு வீட்டை அடமானம் வைக்கும் அப்பாக்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். பள்ளியில் ஏ.சி. ஹாஸ்டல் உண்டா, மாலையும் கழுத்துமாக யூனிஃபார்மில் போட்டோ எடுப்பார்களா, ஏர்லைன்ஸில் வேலை வாங்கித் தருவார்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். பணம் கட்டுமுன் இதையும் கேளுங்கள். விமானம் கார்புரேட்டரா, இஞ்செக்‌ஷனா? கார்புரேட்டர் என்றால் அதன் வெப்பநிலையைக் காட்டும் மீட்டர் இருக்கிறதா? என் பிள்ளையைத் தனியாக அனுப்புமுன், குமிழை இழுத்தால் எஞ்சின் முதலில் உதறும், பயந்து தள்ளிவிடாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்களா?

'எங்க இன்ஸ்ட்ரக்டர்ஸ் எல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் சார்' என்று சொல்லி காபி கொடுப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.