மூட்டுக் குருத்தும் நீர்க்கூழும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய எம் கரையோர ஊர்களின் பள்ளிவாசல்களிலே, தொழுகை வரிசையின் ஓரத்தில் இடப்படும் நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. வேளாண்மை வெட்டியோரும், தோணி தள்ளியோரும், தறியில் அமர்ந்து நெய்தோரும் முதுமையில் முழங்கால் மடக்கவியலாது வருந்துகின்றனர். ஆதலின், மூட்டுக்கு மருந்தாக ‘ஐதரோஜெல்’ எனும் நீர்க்கூழ் வருகின்றது என்ற செய்தி எம்மவர்க்கு அயலான செய்தியன்று. அதன் மெய்ம்மையை ஈண்டு ஆராய்வாம்.

எலும்பு முனைகளைப் போர்த்து நிற்கும் வழுவழுப்பான படலத்தை எம் பாடநூல்கள் கசியிழையம் என்னும். தமிழகத்தார் குருத்தெலும்பு என்பர். மென்மை பற்றி வந்த பெயர் அது. ஆயினும் குருத்து தளிர்க்கும். இதுவோ அழிந்தபின் தளிர்ப்பதில்லை. குருதிக் குழாய்கள் இதனுள் இன்மையே காரணம். சிதைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743இலேயே எழுதினார். 1994இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள், நோயாளியின் உயிரணுக்களையே எடுத்து வளர்த்து, முழங்காலிற் சேர்த்த முறையை வெளியிட்டனர். அவ்வணுக்களைத் தாங்கி நிற்கும் நிலமாகவே நீர்க்கூழ் பின்னர் நாடப்பட்டது.

நீர்க்கூழ் யாதெனின், நம் வீடுகளிற் காய்ச்சும் கடற்பாசியே அதற்குச் சான்று. சிறிதளவு பாசியின் நுண்ணிழைகள் வலைபோற் பின்னி, பெருமளவு நீரைத் தம்முட் பிடித்து வைக்கின்றன. குருத்தெலும்பும் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரே. இவ்வொற்றுமையே அறிஞரை ஈர்த்தது. 1960இல் செக் நாட்டு விக்தெர்லேயும் லீமும் ஆக்கிய கூழ் மென்மையான கண்வில்லைக்கு வழிகோலிற்று. கண்ணுக்கோ சுமையில்லை, முழங்காலோ உடலையே சுமப்பது.

தமிழ்நிலத்திலும் இம்முயற்சி உண்டு. சென்னையிலே, யப்பானிய அறிஞர் ஆக்கிய ஒருவகைக் கூழில் குருத்தணுக்களை வளர்த்து, முயலின் மூட்டிற் பொருத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கடற்பாசி ஆறினால் உறையும். அக்கூழோ குளிரில் நீராய் ஓடி, உடற்சூட்டில் உறையும். ஆயினும் முயலின் மூட்டிலிருந்து உழவனின் மூட்டுக்குள்ள வழி நெடிது.

அவ்வழியின் இடர்ப்பாட்டை அமெரிக்கா காட்டிற்று. கால் பெருவிரல் மூட்டில் வைக்கும் ‘கார்ட்டிவா’ எனும் கூழ்க்குமிழ் 2016இல் அங்கு ஒப்புதல் பெற்றது. 2024 அக்டோபரில் அதனை உற்பத்தியாளரே மீளப்பெற்றனர். மீள அறுத்தலும், அகற்றுதலும், வலியும் எதிர்பார்த்ததினும் மிக்கமையே காரணம். பெருவிரலிலே எட்டு ஆண்டிற் கண்ட குறையை முழங்காலுக்குப் பொருள் தேடுவோர் மறத்தலாகாது.

இவற்றால் நான் கொள்ளும் முடிவு மூன்று. ஒன்று: இம்முறைகள் பெரும்பாலும் நோக்குவது காயத்தால் விழுந்த சிறு குழியை, மூட்டு முழுதும் தேய்ந்த முதியோர்க்கு இவை மருந்தென விளம்பரம் செய்வாரை நம்பற்க. இரண்டு: நடத்தலும் மாடியேறுதலும் மட்டும் முழங்காலின் தொழிலாகா, சப்பணமிடல், குந்துதல், சுஜூது செய்தல் ஆகியவற்றிலும் அது முற்றாக மடங்குகின்றது. எம் மக்களுக்கு ஒரு பொருளைத் தருமுன் அம்மடக்கத்திலும் அதனைச் சோதித்தல் வேண்டும். மூன்று: உயிரணு வளர்க்கும் ஆய்வுகூடமும் தேர்ந்த அறுவை மருத்துவரும் வேண்டிய சிகிச்சை பெருஞ்செலவினது. இலவச வைத்தியசாலையின் வாயிலில் நிற்பவனை அது எட்டுமோ என்பதனையும் இன்றே வினவுதல் வேண்டும்.

அதுவரை உடலெடை குறைத்தலும், தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் கைவிடத் தக்கனவல்ல. விஞ்ஞானம் பயிலும் எம் மாணவர் இத்துறையிற் புகுவாராக. புகுவோர் ஆய்வுகூடத்து அளவுகோலோடு எம்மூர் முதியவரின் முழங்காலையும் நினைவிற் கொள்வாராக.