ஸ்பீக்கருக்கு ஆம்பிளிபையர் எத்தனை?

இல்லத்தில் இசை கேட்கும் அன்பர் சிலர், ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்றிற்கு ஆம்பிளிபையர் இரண்டு பூட்டினாலன்றி ஓசை சிறவாதென்று சாதிக்கின்றனர். பெட்டியின் பின்புறத்தே இரு சோடி முனைகள் அமைந்திருத்தலே அவர்க்குச் சான்று. இஃது எமக்கு உடன்பாடன்று.

மின்னாற்றலை இரட்டித்தால் ஒலிமட்டம் ஏறுவது 3 டெசிபலே. செவிக்கு ஓசை இருமடங்கெனத் தோன்றவேண்டுமாயின் ஆற்றல் ஏறக்குறைய 10 மடங்கு வேண்டும். அன்றியும், தாழ்ந்த ஓசையையும் உயர்ந்த ஓசையையும் பிரிக்கும் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் பெட்டியினுள்ளேயே கிடக்க, வெளியே கருவியை மட்டும் கூட்டுவதால் யாது பயன்? இரண்டும் முழு அலையையே பெருக்குகின்றன. பிரிப்புப் பின்னரே நிகழ்கின்றது. முனைகளை இணைக்கும் உலோகத் தகட்டைக் கழற்ற மறந்தாரோ, இரு கருவிகளின் வெளியீடும் ஒன்றோடொன்று மோதும். பழுதுபார்ப்பவர்க்கே அது லாபம்! அப்பணத்திற்கு மேலான ஸ்பீக்கர் வாங்குதல் நன்று.

பிரிப்பு ஆம்பிளிபையருக்கு முன்னரே நிகழுமாயின் வழக்கு வேறு. அப்பொழுது ஒவ்வொன்றும் தன் பகுதியை மட்டும் பெருக்கித் தன் ஒலிக்கூம்பை நேரே இயக்கும். முழவோசை மிகுந்து ஒன்று திணறினும் குழலோசை கெடாது. லிங்க்விட்ஸ், ரைலி என்னும் பொறிஞர் இருவர் 1976-இல் விளக்கிய பிரிப்புமுறை இதற்கு இன்றும் பயன்படுகின்றது. இத்தகைய அமைப்புக்குச் செலவிடுதலை யாம் குறைகூறோம்.

பல அறைகளில் இசை வேண்டுவோர் நிலையும் அத்தகையதே. 8 ஓம் ஸ்பீக்கர் நான்கைப் பக்க இணைப்பில் ஒரே வாயிலில் மாட்டினால் தடை 2 ஓமாகும். வீட்டுக் கருவிகளிற் பல அதனைத் தாங்கா. அங்கே அறைக்கொன்று வைத்தலே முறை.